உங்களுக்குத் தெரியுமா? அக்கரைச் சாப்பாடும் பழவேற்காட்டுக் கைலியும்!

பினாங் என்றால் மலாயில் பாக்கு. செபராங் என்றால் அக்கரை. ஜெயா? நம்ம ஜெயமேதான்! ஆக, பஸ்ஸில் ஏறி "செபராங் ஜெயா ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கும்போதெல்லாம் நீங்கள் "அக்கரை வெற்றி!" என்று கோஷம் போடுகிறீர்கள்!

பினாங்கு என்றதும் எல்லாரும் தீவைத்தான் படம் பிடிப்பார்கள். ஆனால் பரப்பளவில், செபராங் ஜெயா இருக்கும் இந்தப் பெருநிலப் பக்கம் தீவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! இந்தப் பத்தி இக்கரையில்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரப் போகிறது.

ஃபெரி ஓடத் தொடங்கியது 1894-ல். முதல் பாலம் திறந்தது 1985-ல். நடுவில் தீவுக்குப் போய் ஒரு கிண்ணம் லக்சா நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் என்றாலும் படகுதான். 91 ஆண்டுகள்!

இப்போது அவசரமில்லை. செபராங் ஜெயாவின் சன்வே கார்னிவல் பேரங்காடி 2007-ல் திறந்தது. 2022-ல் புதிய பகுதியும் சேர்ந்தது. சட்டை, செருப்பு, சாப்பாடு மூன்றும் ஒரே குளிர்ச்சாதனக் கூரையின் கீழ்! ஆனால் என் கண்டுபிடிப்புகள் எல்லாம் வெளியே, மின்விசிறி சுற்றும் மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை மேசையில் சிக்கியவை.

முதலில் அந்தப் பெயர். மாமாக் என்ற சொல்லுக்கு மூலம் நம் 'மாமா' என்கிறார்கள்! உறவு அதோடு நிற்கவில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் பரிமாறுபவரைக் கூப்பிடும் சொல் ஒன்றுதான். "அண்ணே!" ஒரு வார்த்தை தமிழ் தெரியாத சீனப் பாட்டிகூட "அண்ணே, தே தாரிக் சத்து", அதாவது ஆற்றிய டீ ஒண்ணு, என்கிறார். காதால் கேட்டேன்!

அந்தக் கடை என்ற சொல்லே நம்முடையது. மலாயில் கெடாய்! கறி, காரி ஆனது. ஆப்பம், ஆப்பாம் ஆனது. கஞ்சி, கஞ்சியாகவே இருக்கிறது. மாங்காய், மாங்கா ஆனது. மாம்பழம்? மெம்பெலாம்! கடைக்காரர் போட்ட முதல்கூட மலாயில் மொடால். கல்லாப்பெட்டி வெறும் பெத்தி. தமிழை எடுத்துவிட்டால் கடை ஷட்டரையே தூக்க முடியாது!

நாம் மட்டும் கொடுத்தோம் என்று மார்தட்ட வேண்டாம். வாங்கியும் இருக்கிறோம். 'தேயிலை'யில் இருக்கும் 'தே', ஹொக்கியன் சீனர்களின் சொல்! ஆங்கிலத்தின் 'டீ'யும் அங்கிருந்து வந்ததுதான். யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி, மலேசியாவில் தே தண்ணி. இரண்டுக்கும் ஒரே சீனத் தாத்தா!

தக்காளி சாஸுக்கு ஆங்கிலத்தில் கெச்சப் என்று பெயர் வைத்தது யார்? அதற்கும் வேர் ஹொக்கியன் பக்கம்தான் என்கிறார்கள். மூலத்தில் அது மீன் சாறு. தக்காளி ஒரு துளிகூடக் கிடையாது!

நாசி கண்டார் தெரியும். கண்டார் என்றால்? தோளில் காவுவது! இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் கறி, நடுவில் ஒரு கம்பு. தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளர்களைத் தேடிப் போய்ப் பரிமாறினார்கள். நாம் முருகனுக்குக் காவடி எடுத்தோம், அவர்கள் பசிக்கு எடுத்தார்கள்!

தீவில், ஜார்ஜ்டவுன் கேம்பல் தெருவின் ஹமீதியா நாசி கண்டார் கடை எந்த ஆண்டு தொடங்கியது? 1907! பாலத்துக்கு 78 வயது மூத்தது!

நாசி கண்டார் சொல்லும்போது 'பஞ்சிர்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். மீன், கோழி, ஆடு எல்லாக் குழம்பும் ஒரே சோற்றின்மேல் கரை உடைத்து வரும்! உலகில் வேறெங்கே வெள்ளம் வேண்டும் என்று வரிசையில் நின்று கேட்பார்கள்?

ஆஃப் பாயில் வேண்டுமா? இங்கே அதன் பெயர் தெலூர் மாத்தா கெர்பாவ். அதாவது எருமைக்கண் முட்டை! கடல் தாண்டி இந்தோனேசியா போனால் மாட்டுக்கண் முட்டை ஆகிவிடும். முட்டை என்னவோ கோழியுடையதுதான்!

முர்தபா என்றால் அரபியில் மடித்தது. அவ்வளவுதான் பெயர்! அதற்குள் முட்டை, வெங்காயம், கறி என்று ஒரு குடும்பமே குடியிருக்கிறது.

கோலாலம்பூர்க்காரர் இங்கே வந்து ஹொக்கியன் மீ கேட்டால் திகைத்துப்போவார். அவர் ஊரில் அது கறுப்பாக வறுத்த நூடுல்ஸ். பினாங்கில் சிவப்பான இறால் சூப்! பெயர் ஒன்று, தட்டு வேறு. சண்டைக்கு வரவேண்டாம் அண்ணே!

பசெம்பூர் என்ற காய்க் கலவையின் மேலே ஊற்றும் அந்தக் கெட்டிச் சாறு எதனால் கெட்டியாகிறது? சர்க்கரைவள்ளிக் கிழங்கு! அந்தக் கிழங்கு அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அதில் சேரும் மிளகாயும் அங்கிருந்து வந்தது. கொலம்பஸ் கப்பல் ஏறாமல் இருந்திருந்தால் தட்டில் வெள்ளரிக்காய் மட்டும்தான்!

ஆசாம் லக்சா குடித்துவிட்டு மூக்கைத் துடைத்தவர்களுக்கு ஒரு கணக்கு. 2011-ல் சிஎன்என் பயணப் பிரிவு உலகின் மிகச் சுவையான 50 உணவுகளைப் பட்டியல் போட்டது. பினாங்கு ஆசாம் லக்சாவுக்கு எத்தனையாவது இடம்? 7!

அந்த லக்சாவின்மேல் பொடியாக நறுக்கிப் போடும் இளஞ்சிவப்பு எது? பூ! புங்கா காந்தான் என்ற இஞ்சி வகைப் பூ. தலையில் வைக்க வேண்டியதை நாக்கில் வைக்கிறார்கள்!

புளிக்கு ஆங்கிலத்தில் டாமரிண்ட். அரபியில் அதற்கு என்ன பொருள்? இந்தியப் பேரீச்சை! புளிப்பையும் இனிப்பையும் குழப்பிய அந்த வணிகர் யாரோ தெரியாது. வாழ்க!

தங்கத் தட்டு உணவகங்களுக்கு மட்டும்தான் மிச்செலின் நட்சத்திரம் என்று நினைத்தீர்களா? மிச்செலின் ஒரு டயர் கம்பெனி! மக்கள் காரில் சுற்றினால்தானே டயர் தேயும்? அதற்காக 1900-ல் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தைச் சும்மா கொடுத்தார்கள். சாப்பாட்டுப் பைத்தியம் அங்கே பிடித்ததுதான்! பினாங்குக்கு அது வந்து சேர்ந்தது 2022 டிசம்பரில். 122 ஆண்டுகள் தாமதம்! வந்த முதல் பட்டியலிலேயே ஆன்டி கெய்க் லீன் என்ற, சீன-மலாய்க் கலப்பு மரபான பெரானாக்கான் பெண்மணியின் உணவகத்துக்கு ஒரு நட்சத்திரம். வீட்டுச் சமையல் ஜெயித்தது!

தாகம் எடுக்கிறதா? ஜாதிக்காய்ச் சாறு குடியுங்கள். நாம் விதையைப் பிரியாணியில் போடுவோம். பினாங்குக்காரர்கள் வெளிச் சதையை ஊறவைத்து ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள்! அந்த மரம் இங்கே தானாக முளைக்கவில்லை. ஜாதிக்காயில் டச்சுக்காரர்கள் பிடித்திருந்த பிடியை உடைக்க, மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து நட்டது ஆங்கிலேயர் கம்பெனி. ஒரு கிளாஸ் ஜூஸுக்குள் ஒரு வல்லரசுச் சண்டை!

சங்குப்பூ தெரியும். சிவன் கோயிலுக்குப் போகும் அதே நீலப் பூ. அதே பெரானாக்கான் மரபின் நியோன்யா பலகாரக் கடையில் பாருங்கள், பசையரிசியை நீலமாக்கியிருக்கும் சாயம் அதுதான்! அந்த நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால்? கண்முன்னே ஊதா! மந்திரவாதி தேவையில்லை, அரை எலுமிச்சை போதும்!

பொட்டலம் கட்டிக் கொடுப்பதற்கு இங்கே பெயர் தப்பாவ் அல்லது புங்குஸ். குடிக்கும் தே ஐஸையும் புங்குஸ் செய்யலாம். பிளாஸ்டிக் பை, அதற்குள் உறிஞ்சுகுழாய், ஓரமாக ஒரு முடிச்சு. இதற்குத் தனிப்பெயரே உண்டு. இக்காட் தெப்பி! விரலில் மாட்டிக்கொண்டு நடந்தால் கைப்பை. உறிஞ்சினால் தேநீர். இதைவிட எளிய நகை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்!

இனி உடுப்பு. இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது.

மேசைக்கு எதிரே ஒரு தாத்தா. கட்டம் போட்ட கைலி, வெள்ளை பனியன். சாதாரணம்தானே? அந்தக் கைலிக்கு மலாயில் என்ன பெயர் தெரியுமா? காயின் பெலிக்காட்! காயின் என்றால் துணி. பெலிக்காட் என்றால்? பழவேற்காடு! ஆமாம் சாமி, சென்னைக்கு வடக்கே, ஏரிக்கரையில், பூநாரைகள் வந்து நிற்கும் அதே பழவேற்காடு!

வெள்ளைக்காரன் வாயில் பழவேற்காடு புலிகாட் ஆனது. மலாய் வாயில் பெலிக்காட் ஆனது. ஊர்க்காரர்கள் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருக்க, ஊர்ப்பெயர் மலாய்க்காரர் இடுப்பில் ஏறிக்கொண்டது!

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-ல். எதற்கு? துணிக்கு! கிழக்குத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கப் போனால், அங்கே பலரும் கேட்டது சோழமண்டலக் கரைத் துணி. கைலியே காசாக ஓடிய காலம்! முன்பு சொன்ன ஜூஸ் கிளாஸை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். அந்தப் பக்கம் தெரிவது தாத்தாவின் கைலி. இரண்டும் பழைய கூட்டாளிகள்!

கிங்கம் என்ற கட்டம் போட்ட துணி தெரியுமா? மேசைவிரிப்பு, பள்ளிக்கூடச் சட்டை, கோடைக்கால கவுன் எல்லாம் அதில்தான் தைப்பார்கள். ஐரோப்பியப் பெயர் மாதிரி இருக்கிறதே? மூலம் மலாய்! கெங்காங், அதாவது கோடு போட்டது. கட்டத் துணியில் ஒன்றுக்கு மலாய்க்காரர் தமிழ் ஊர்ப்பெயர் வைத்தார்கள், இன்னொன்றுக்கு வெள்ளைக்காரர் மலாய்ப் பெயர் வைத்தார்கள். தறி மட்டும் மூச்சு விடவில்லை!

மூன்றாவது கட்டம் மெட்ராஸ் செக்ஸ். 1950-களின் கடைசியில் அது அமெரிக்காவுக்குப் போனது. துவைத்தால் சாயம் ஓடியது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள்? 'ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும், உத்தரவாதம்!' என்று அதையே பெருமையாக்கி விற்றார்கள்! நம் வீட்டில் சாயம் போனால் கரித்துணி. அங்கே ஃபேஷன்!

ஓடும் சாயத்துக்கே உத்தரவாதம் என்றால், என் வெள்ளை ஜிப்பாவின் கதைக்கு என்ன தருவீர்கள்? நாசி கண்டார் பஞ்சிர். ஒரு அலை. நெஞ்சு முழுக்க மஞ்சள். பதறிப்போய் சோப்பைத் தேய்த்தேன். கறை சிவப்பாகிவிட்டது! கொலை நடந்த இடம் போல நின்றேன். விஷயம் இதுதான். மஞ்சளில் சோப்பு போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும்! குங்குமம் செய்வது இந்தத் தந்திரத்தில்தான். சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இப்படித்தான். என் ஜிப்பா ஆரத்தி எடுத்துக்கொண்டது!

கறை எப்படிப் போனது? வெயில்! மஞ்சளின் நிறத்துக்கு வெயில்தான் எதிரி. நன்றாக அலசி நடுப்பகலில் கொடியில் போட்டேன். மஞ்சள் தானாக வெளுத்தது. செபராங் ஜெயா வெயிலைத் திட்டுகிறவர்கள் இன்றோடு நிறுத்துங்கள். அது சும்மா கிடைக்கும் சலவைக்காரர்!

இதனால்தானோ என்னவோ, மலேசிய அரசு ஊழியர்கள் வியாழக்கிழமை பாத்தேக் அணிவது வழக்கம்! பூவும் கொடியுமாக ஓடும் அந்தத் துணியில் எந்தக் குழம்பு எங்கே சிந்தியது என்று மேலதிகாரியால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

வெயிலுக்கு உகந்த உடுப்பு எது என்று செபராங் ஜெயா வீட்டுக்காரம்மா யாரையும் கேளுங்கள். பாஜு கெலாவார் என்பார்! தொளதொள பாத்தேக் அங்கி. கையைத் தூக்கினால் இறக்கை விரியும். கெலாவார் என்றால் வௌவால்! நம்ம ஊர் நைட்டியின் அக்கா, பெயரில் மட்டும் பேய்ப்பட நாயகி.

அந்த வௌவால் சட்டை பல நேரம் விஸ்கோஸ் துணியில் வரும். சில்லென்று இருக்கும் அந்த விஸ்கோஸ் எதிலிருந்து வருகிறது? மரம்! மரக்கூழைக் கரைத்து நூலாக இழுக்கிறார்கள். வெயிலுக்கு மரநிழலில் ஒதுங்குவோம். இவர்கள் மரத்தையே உடுத்திக்கொண்டார்கள்!

பாஜு கூரோங். தமிழ்ப் பிள்ளைகளும் பள்ளிக்கு அணியும் உடுப்பு. கூரோங் என்றால் அடைத்து வைத்தல்! ஆனால் போட்டுப் பாருங்கள், காற்று உள்ளே ஓடிப் பிடித்து விளையாடும். கைக்கு அடியிலும் பக்கத்திலும் துண்டு துண்டாகத் துணி சேர்த்துத் தைப்பதன் மாயம்!

சல்வார் கமீஸ் என்று இங்கே கேட்டால் சிலர் விழிப்பார்கள். பஞ்சாபி சூட் என்று கேளுங்கள், பத்து நிறம் எடுத்துப் போடுவார்கள்! பஞ்சாபே பார்க்காத தமிழ்ப் பெண்கள் தீபாவளி தவறாமல் பஞ்சாபி ஆகிறார்கள்.

கெபாயா என்ற மேற்சட்டையில் ஒரு விசித்திரம். பழைய பாணி நியோன்யா கெபாயாவில் பொத்தானே கிடையாது! பிறகு எப்படி மூடுவது? கெரோங்சாங். மூன்று ஊசிப் பதக்கங்கள், சிலவற்றில் ஒரே சங்கிலி. பெரியது ஒன்று, சிறியது இரண்டு. பெரியதற்குப் பெயர் தாய், சிறியவை பிள்ளைகள்! ஒரு குடும்பமே சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

விமானப் பணிப்பெண்களின் அந்தப் புகழ்பெற்ற சாரோங் கெபாயாவை 1968-ல் வடிவமைத்தவர் யார்? மலாய்த் தையல்காரரா? இல்லை! பியர் பால்மேன், பாரிஸ்காரர்! அப்போது அது மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொதுவான விமான நிறுவனம். பிறகு இரண்டாகப் பிரிந்தார்கள். உடுப்பு சிங்கப்பூர் பக்கம் பறந்தது. மலேசியா 1986-ல் சொந்த மாரா தொழில்நுட்பக் கழகத்தை வைத்தே தனக்கென ஒன்றை வரைந்துகொண்டது!

இப்போது என் மகுடக் கண்டுபிடிப்பு. சட்டையும் சாப்பாடும் ஒரே பத்தியில் எதற்கு என்று இதுவரை முணுமுணுத்தவர்கள் கேளுங்கள். 2024 டிசம்பர். தென்னமெரிக்காவில் பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரம். யுனெஸ்கோ கூட்டம். மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் மலேசியக் காலைப் பசியாறல் சேர்ந்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக்! அதே கூட்டத்தில் சேர்ந்த இன்னொன்று? கெபாயா! 5 நாடுகள் கைகோத்துக் கேட்டு வாங்கின. சாப்பாடும் சட்டையும் ஒரே ஊரில், ஒரே மேடையில், ஒரே வாரத்தில்! நான் சும்மா சேர்த்து எழுதவில்லை. உலகமே சேர்த்துத்தான் எழுதியது!

காலுக்கு வருவோம். பட்டையான ரப்பர் செருப்பு. மலேசியா முழுக்க அதற்குப் பெயர் செலிப்பார் ஜெப்பூன், ஜப்பான் செருப்பு! ரப்பர் பால் சுரப்பது மலேசிய மரத்தில். பெயர் மட்டும் ஜப்பானுக்கு! அந்த மரமும் வந்தேறிதான். 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகள் எத்தனை? வெறும் 22! அந்த 22 காடாகப் பெருகியது. பால் வெட்ட நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறினார்கள்.

விலை உயர்ந்த செருப்பு வேண்டுமா? ஜிம்மி சூ! இளவரசி டயானாவின் காலணிக்காரர். லண்டன்காரர் என்றுதானே நினைத்தீர்கள்? பினாங்கு பையன்! அப்பாவும் செருப்புத் தைப்பவர். முதல் ஜோடியைத் தைத்தபோது வயது 11!

கடைசியாக ஊக்கு. சேலைக்கு, துடோங் முக்காட்டுக்கு, அறுந்த செருப்பு வாருக்கு, வௌவால் சட்டைக் கழுத்துக்கு, எல்லாவற்றுக்கும் ஊக்கு. அதற்குக் காப்புரிமை வாங்கியவர் வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர், 1849-ல். எதற்காகச் செய்தார்? 15 டாலர் கடனை அடைக்க! எவ்வளவுக்கு விற்றார்? 400 டாலர்! உலகம் முழுக்க உடம்பில் குத்திக்கொண்டு திரியும் பொருளுக்கு அவர் பார்த்த காசு அவ்வளவுதான்.

என் அத்தை பஞ்சிர் சோற்றைப் பிசைந்துகொண்டே இதைக் கேட்டார். தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினார். அதில் தொங்கிய ஊக்குகளை எண்ணினேன். 7!